ஆடிக் காற்றில் போன இருமல்

அந்த வருஷம் ஆடிக் காற்று சாத்தங்கரைக்குள் புகுந்து, கொடியில் கிடந்த வேட்டியை அடுத்த தெருவிலும், அடுத்த தெருக் கூரைத் தகரத்தைக் குளத்துக்குள்ளும், குளத்தங்கரை டீக்கடைப் பலகையைப் போலீஸ் ஸ்டேஷன் வாசலிலும் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு, போகிற போக்கில் பீடி குடிக்கிறவன், சிகரெட் குடிக்கிறவன், சுருட்டு குடிக்கிறவன் எல்லார் நெஞ்சிலும் இருந்த இருமலைப் பிடுங்கி வேறு ஆட்கள் நெஞ்சில் வைத்துவிட்டுப் போனது. அதெப்படி வைக்கும் என்று கேட்டால் யாரிடமும் பதில் கிடையாது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்த ஊர் அது. அம்மி பறக்கும் என்று நம்புகிறவன் இருமல் பறந்ததற்கு மட்டும் சாட்சி கேட்பானா?

முதலில் தெரிந்தது ஆதிமூலத்தின் பெட்டிக்கடையில். அந்தக் கடைத் தூணில் நுனியில் கங்கு கனிந்துகொண்டே இருக்கிற தேங்காய்நார்க் கயிறு ஒன்று தொங்கும், தீப்பெட்டி வாங்க மனசு வராதவன் எல்லாம் அதில் முகத்தைக் கொடுத்துத்தான் பற்றவைப்பான். லாரி புரோக்கர் ஒருத்தர், காலையில் அவர் இருமுகிற சத்தத்தைக் கேட்டுத்தான் தெருவில் பால் காய்ச்சுவார்கள் என்கிற அளவுக்கு இருமல் சம்பாதித்தவர், கயிற்றில் பற்றவைத்து ஓர் இழுப்பு இழுத்துவிட்டு, பழக்கதோஷத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றார். இருமல் வரவில்லை. எதிர்த்த ஜவுளிக்கடையில் பட்டுப்புடவை விரித்துக் காட்டிக்கொண்டிருந்த பெண்ணுக்கு வந்தது. இவர் மறுபடி இழுத்தார், அவள் மறுபடி இருமினாள். இவர் பீடியைக் கீழே போட்டு மிதித்தார், அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மூச்சு விட்டாள். தெருவே பார்த்துக்கொண்டு நின்றது.

அப்புறம் ஊர் முழுக்க அதுதான். வக்கீலின் சிகரெட்டுக்குச் சிவன் கோயில் குருக்கள் இருமினார், பாதி அர்ச்சனையில் சாமி காத்துக்கொண்டு நின்றது. பெண் பார்க்க வந்த இடத்தில் காபித் தட்டோடு நின்ற பெண் யாரோ ஒரு தலையாரியின் சுருட்டுக்கு இருமி, தட்டைச் சம்பந்தி மடியில் கவிழ்த்தாள். ஒரு தரகருடைய இருமல் ஆட்டுக்குப் போய்விட்டது. அவர் தொல்லை விட்டது என்று ஆட்டைக் கறிக்கடைக்கு விற்க, இருமல் கறிக்கடைக்காரருக்கு வந்து சேர்ந்தது, கறிக்கடைக்காரர் கத்தியோடு தரகர் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். பாவம் ஓரிடம் பழி ஓரிடம் என்பது பழமொழியாக இருந்தவரைக்கும் நன்றாகத்தான் இருந்தது.

சண்டை என்றால் கொஞ்சநஞ்சச் சண்டை இல்லை. "எங் காசு, எந் நெஞ்சு, எனக்கு இஷ்டம், நான் குடிக்கேன்" என்றான் ஒருத்தன். "காசு ஒன்னுதுதாம்ல, நெஞ்சு எம் பொண்டாட்டியோடதுல்லா" என்றான் இன்னொருத்தன். "நானா அவள இருமச் சொன்னேன், காத்தக் கேளும்வே" என்றான் முதல் ஆள். காற்றை எங்கே போய்க் கேட்க, அது ஆவணியிலேயே ஊரை விட்டுப் போய்விட்டது. சிலர் பெருந்தன்மையாகக் குடிக்கிறதை விட்டார்கள், சிலர் விட்டுவிட்டேன் என்று சொல்லிவிட்டு வாழைத்தோப்புக்குள் போனார்கள், வாழைத்தோப்புக்குள் அவர்கள் இழுத்த இழுப்பு மேலத்தெருவில் யார் தொண்டையிலாவது காட்டிக்கொடுத்தது. கத்திக் கத்திக் களைத்துப்போனால் ஊர் என்ன செய்யும்? பழகிக்கொள்ளும். குடிக்கிறவன் தன் இருமலை இருமுகிற வீட்டுக்குச் செவ்வாய்க்கிழமைதோறும் பனங்கற்கண்டும் மிளகும் கொண்டுபோய்க் கொடுப்பது என்று ஒரு வழக்கம் வந்தது. கல்யாணப் பத்திரிகை வைக்கும்போது இருமல் வீட்டுக்கும் வைக்க வேண்டும் என்று வந்தது. ஜாதகம் பார்க்கிற இடத்தில், "பொண்ணு யாரு இருமல இருமுதா?" என்று கேட்பதும் வந்தது.

இதையெல்லாம் விசாரிக்க இருமல் கமிட்டி என்று ஒன்று போட்டு, ரைஸ்மில் செண்பகராமனைத் தலைவராக்கினார்கள். அவர் இருமலும் காற்றோடு போனதுதான், ஆனால் அவர் சம்சாரத்துக்கே போயிருந்ததால் பஞ்சாயத்துக்கு வரவில்லை. கமிட்டி வைத்த சட்டம் சின்னது. உன் இருமல் யாரிடம் இருக்கிறதோ அவர் சம்மதத்தை வாங்கு, இல்லாவிட்டால் குடிக்கிறதை விடு. மறைத்துக் குடித்துப் பிடிபட்டவன் ஊர் வேலையில் இருந்தாலும் சரி, குத்தகை வேலையில் இருந்தாலும் சரி, அன்றோடு போக வேண்டியதுதான். இன்னாருடையது என்று தெரியாத இருமல் இருமுகிறவனின் சொந்த இருமல், அதாவது வியாதி, அதற்குக் கமிட்டி பொறுப்பில்லை.

இந்தக் கடைசி வரியில் வந்து மாட்டியவர்தான் பூதலிங்கம்.

பூதலிங்கத்தை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, மைக்கு அண்ணாச்சி என்றால்தான் தெரியும். பஸ் ஸ்டாண்டின் நடுவில் கண்ணாடி போட்ட சின்ன ரூமில் உட்கார்ந்து, எந்த வண்டி எந்தத் தடத்தில் நிற்கிறது, எந்த ஊர் வழியாக எந்த ஊருக்குப் போகிறது என்று சொல்வது அவர் வேலை. சும்மா சொல்லக் கூடாது, நல்ல குரல். "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று அவர் எடுத்தால் அழுகிற பிள்ளை வாயை மூடும், முறுக்கு விற்கிறவன் அவர் முடிக்கும்வரை கூவாமல் நிற்பான். வாழ்நாளில் ஒரு பீடியைக் கையால் தொட்டதில்லை. வெற்றிலை இல்லை, பொடி இல்லை, குரல் கெட்டுவிடும் என்று ஐஸ் போட்ட கலர்கூடக் குடிக்க மாட்டார். அப்பேர்ப்பட்ட மனுஷனுக்குத்தான் ஆடிக் காற்று யாரோ ஒரு பெரிய குடிகாரனின் பீடி இருமலை, கட்டுக் கட்டாக ஊதித் தள்ளுகிற ஒருத்தனின் இருமலை, தூக்கிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தது.

"பாவூர்சத்திரம்" என்று ஆரம்பிப்பார், "பாவூர்" வரும், சத்திரம் இருமலில் போய்விடும். கடையநல்லூர் போக வேண்டிய கிழவர் சுரண்டை வண்டியில் ஏறிப் போய்விட்டு, மறுநாள் வந்து கண்ணாடியைத் தட்டித் திட்டினார். அதிகாரிகள் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. மெட்ராஸிலிருந்து ஒரு அட்டைப்பெட்டி வரவழைத்தார்கள். அதற்குள் ஒரு மிஷின், மிஷினுக்குள் ஒரு பெண்ணின் குரல், அந்தக் குரல் எல்லா ஊர்ப் பெயரையும் சொல்லும், சம்பளம் கேட்காது, இருமாது. தீபாவளிவரை பார்ப்போம் என்று சொல்லிவிட்டு அந்தப் பெட்டியை அவர் மேஜைக்குக் கீழேயே வைத்துவிட்டுப் போனார்கள். நிரந்தர வேலை இல்லை, பென்ஷன் இல்லை, குரல் போனால் பூதலிங்கத்துக்கு வேறொன்றும் தெரியாது. உட்காரும்போதெல்லாம் முழங்கால் அந்தப் பெட்டியில் இடித்தது.

யார் இருமல் இது என்று தேடுவதற்காக ஊர் ஒரு காரியம் செய்தது. அதுவரைக்கும் அந்த ஊர் செய்த நல்ல காரியங்களில் அதுவும் ஒன்று என்றுதான் சொல்ல வேண்டும். அமாவாசை அன்று சூரியன் உதித்ததிலிருந்து அடைகிறவரை சாத்தங்கரை எல்லைக்குள் ஆம்பிளைகள் ஒருத்தரும் குடிக்கக் கூடாது என்று தண்டோரா போட்டார்கள். ஆதிமூலம் தன் கையாலேயே கயிற்றுக் கங்கைத் தண்ணீரில் முக்கி அணைத்தார், "எங்கப்பா காலத்துல இருந்து அணையாத கங்கு" என்று அவர் மூக்கைச் சிந்தியபோது இரண்டு பேர் ஆறுதல் சொன்னார்கள். சாயங்காலம்வரை ஊரில் ஓர் இருமல் சத்தம் கிடையாது. குருக்கள் நிறுத்தி நிதானமாக ஆயிரத்தெட்டு நாமமும் சொன்னார், ஜவுளிக்கடைப் பெண் பாட்டுக்கூடப் பாடினாள்.

பஸ் ஸ்டாண்டு மைக்கில் மட்டும் இருமல் கேட்டுக்கொண்டே இருந்தது.

"மொத்த ஊரும் வாயக் கட்டி உக்காந்திருக்கு, ஒமக்கு மட்டும் வருதுன்னா என்னவே அர்த்தம்?" என்றார் செண்பகராமன். "அது ஒம்ம சொந்த இருமல்வே. ஆஸ்பத்திரிக்குப் போம்." ஆஸ்பத்திரியில் நெஞ்சைப் படம் பிடித்து, கண்ணாடி மாதிரி இருக்கிறது என்று அனுப்பிவிட்டார்கள். வியாதி இல்லையென்றால் நடிப்பு என்று டீக்கடையில் பேச்சானது. பனங்கற்கண்டுக்கு ஆசைப்பட்டு இருமுகிறான் என்று ஒருத்தன் சொல்ல, நாலு பேர் சிரித்தார்கள். பூதலிங்கத்துக்கு அதைக் கேட்டுக் கோபம்கூட வரவில்லை. அன்றைக்குக் கேட்ட இருமல் அத்தனையும் இருமி முடித்த ஒரு மனுஷனுக்குக் கோபப்பட எங்கே தெம்பு இருக்கும்?

அவராகத்தான் ஒன்றைக் கவனித்தார். குற்றாலத்தில் சீசன், அருவிக்குப் போய்விட்டுத் திரும்புகிற கூட்டம் வண்டி வண்டியாக வந்து இறங்கும். இறங்குகிறவர்கள் எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரே பக்கமாக ஓடுவார்கள். அவர்கள் ஓடிப்போய்க் கொஞ்ச நேரத்துக்கெல்லாம் இவருக்கு இருமல் கட்டிக்கொண்டு வரும். கூட்டம் குறைந்தால் இருமலும் குறையும். அவரே மைக்கில் வரவேற்று இறக்கிய கூட்டம்தான் அவர் தொண்டையைப் பிடித்தது. ஒரு நாள் மத்தியானம் மைக்கை அணைத்துவிட்டு அந்தக் கூட்டத்துக்குப் பின்னாலேயே போனார். கூட்டம் கட்டணக் கழிப்பிடத்துக்குள் போனது. அவர் அதைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனார். இத்தனை வருஷத்தில் அந்தப் பக்கம் அவர் ஒரு தடவைகூட வந்ததில்லை, ஊழியர்களுக்குப் பூட்டுப் போட்ட தனிக் கக்கூஸ் உண்டு.

பின்பக்கச் சுவரோரம் ஒரு பொம்பளை வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தாள். முப்பிடாதி, கழிப்பிடம் கழுவுகிறவள். வாசலில் உட்கார்ந்து சில்லறை வாங்குகிறவனைத் தெரியாத ஆள் கிடையாது, உள்ளே கழுவுகிறவளைத் தெரிந்த ஆள் கிடையாது. தினமும் அவர் கண்ணாடிக்கு முன்னால் வாரியலோடு போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருக்கிறவள்தான்.

"அண்ணாச்சி, இது லேடீஸ் பக்கம். ஆம்பளைக்கு அந்தால" என்றாள் அவள், வழி தவறி வந்துவிட்டார் என்று நினைத்து. சொல்லிவிட்டு ஓர் இழுப்பு இழுத்தாள்.

பூதலிங்கம் இருமினார்.

அவள் இழுத்த கையை இறக்கினாள். அவரைப் பார்த்தாள். கொஞ்சம் யோசித்துவிட்டு இன்னொரு இழுப்பு இழுத்துப் பார்த்தாள். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு இரண்டாக மடங்கி இருமினார். அவள் பீடியைச் சுவரில் தேய்த்து அணைத்தாள். "சவத்த" என்றாள் மெதுவாக. "அப்பம் அது நீங்கதானா."

அவள் தன் குடத்திலிருந்து செம்பில் தண்ணீர் மொண்டாள், மொண்ட கை பாதியில் நின்றது. "எங் கொடத்துத் தண்ணி. குடிப்பீயளா?" என்றாள். அவர் வாங்கிக் குடித்தார், செம்பைத் தூக்கி அண்ணாந்து குடிக்காமல் வாய் வைத்தே குடித்தார், இருமலில் அண்ணாந்து குடிக்க முடியாது என்பதும் ஒரு காரணம்.

"அமாவாச அன்னைக்குக் குடிச்சியா?" என்று கேட்டார்.

"குடிச்சேன். ஆம்பளையாளுவ எல்லாம்னுதான தண்டோரா போட்டான்? என்னய யாரு கூப்ட்டா?" என்றாள் முப்பிடாதி. "காத்தடிச்சு எனக்கு இருமல் நின்னப்பவே நெனச்சேன், எந்தப் புண்ணியவானுக்குப் போச்சோன்னு. யார்ட்டப் போய்க் கேக்க?"

"விட்டுரக் கூடாதா தாயி? எம் பொழப்பு போயிரும்."

"நான் பீடிய விட்டுருவேன் அண்ணாச்சி. நாத்தம் என்னய விடணும்லா." அவள் குரலில் கோபம் இல்லை, தினமும் கழுவுகிற தரையைப் பற்றிப் பேசுகிற மாதிரிதான் பேசினாள். "மோட்டார் ரிப்பேராயி எம்புட்டு நாளாச்சு. கூட்டம் வந்து போனா உள்ள கால் வைக்க முடியாது. ஒரு பீடியப் பத்தவச்சு வாயில வச்சுக்கிட்டாத்தான் குனிய முடியும், மறு பீடி இருந்தாத்தான் நிமிர முடியும். இந்த ஊருக்காரன் வயித்துல இருந்து வாறதெல்லாம் எம் மூக்குக்கு வருது, அதுக்கு ஒரு கமிட்டியும் இல்ல. எந் நெஞ்சுல இருந்து போறது ஒரே ஒரு ஆளுக்குப் போகுது, அதுக்கு மட்டும் கமிட்டி." சொல்லிவிட்டு, "நீங்க கமிட்டில சொல்லுங்க, நான் தப்பா நெனைக்க மாட்டேன்" என்று வாளியை நிமிர்த்தி எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

வீட்டில் பிரமநாயகி, அவர் சம்சாரம், விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சோற்றுக் கரண்டியைக் கீழே வைத்தாள். "வெள்ளிக்கெழம போயிச் சொல்லிருங்க. பேரச் சொன்னா முடிஞ்சிது."

"சொன்னா அவ வேல போயிரும்."

"சொல்லாட்டா உங்க வேல போயிரும். அவளுக்கு நீங்க பாவம் பாருங்க, நமக்கு யாரு பாப்பா?" என்றாள். அவள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. பூதலிங்கம் மோர் ஊற்றிக்கொள்ளாமலே எழுந்து கை கழுவினார்.

வெள்ளிக்கிழமை கமிட்டியில் அவர் முறை வந்தது. "என்னவே, ஆளு கெடச்சுதா?" என்றார் செண்பகராமன். பெயர் பூதலிங்கத்தின் நாக்கு நுனியில்தான் இருந்தது. எத்தனையோ ஊர்ப் பெயரைத் தடுமாறாமல் சொன்ன நாக்கு, இந்த ஓர் ஆள் பெயரைச் சொல்ல என்ன கேடு? வாயைத் திறந்தபோது அன்றைக்குக் குடித்த செம்புத் தண்ணீரின் குளிர்ச்சி ஞாபகத்துக்கு வந்தது, இன்னமும் தொண்டையில் நிற்கிற மாதிரி இருந்தது.

"தண்ணி வரல" என்றார்.

"என்ன தண்ணி?"

"பஸ் ஸ்டாண்டு கக்கூஸ்ல தண்ணி வரல. மோட்டார் ரிப்பேரு."

"வேய், இது இருமல் கமிட்டி."

"அதத்தான் சொல்லுதேன்" என்றார் பூதலிங்கம். சபை சிரித்தது. இவருக்கு மூளைக்கும் இருமல் ஏறிவிட்டது என்று முடிவு செய்து, அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள்.

கமிட்டி கேட்காவிட்டால் என்ன, கையில் மைக் இருந்தது. மறுநாள் குற்றாலக் கூட்டம் வந்து இறங்கியதும் பூதலிங்கம் தொண்டையைச் செருமிக்கொண்டு, "பயணிகளின் கனிவான கவனத்திற்கு! கட்டணக் கழிப்பிடத்தில் தண்ணீர் இல்லை. ஆகவே, அவசரம் இல்லாத பயணிகள் அடுத்த ஊர்வரை பொறுத்துக்கொள்ளுமாறும், அவசரம் உள்ள பயணிகள் ஆளுக்கொரு குடம் தண்ணீர் கொண்டுவருமாறும் அன்புடன் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்" என்று சொன்னார். ஓடிக்கொண்டிருந்த கூட்டம் நின்றது, பிறகு சிரித்தது, பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு திரும்பி நடந்தது. ஒவ்வொரு வண்டிக்கும் சொன்னார், இருமி இருமிச் சொன்னார். வாசலில் உட்கார்ந்து சில்லறை வாங்குகிறவன் ஈ ஓட்டினான். கழிப்பிடக் குத்தகைக்காரர் ஓடிவந்து கண்ணாடியைத் தட்டி, "ஏன்யா எம் பொழப்புல மண்ணள்ளிப் போடுதீரு?" என்று கத்தினார். "நான் வழி சொல்லுதவன். உள்ளதத்தான் சொல்லுதேன்" என்றார் இவர். அந்த வாரமே மோட்டார் ஓடியது. அடைத்த சாக்கடையை மிஷின் வைத்து எடுத்தார்கள், பினாயில் டப்பா வந்தது. கமிட்டி செய்யாததைக் குத்தகைக்காரரின் நஷ்டம் செய்தது.

இருமல் குறைந்தது. கூட்டம் வந்தாலும் ஒன்றிரண்டு, வராவிட்டால் அதுவும் இல்லை. "பாவூர்சத்திரம்" முழுசாக வந்தது. முறுக்குக்காரன் மறுபடி வாயை மூடி நின்று கேட்டான். நடிப்பு என்று சொன்ன அதே டீக்கடை, பார்த்தாயா, வேலை போகும் என்றதும் நடிப்பை விட்டுவிட்டான் என்று சொன்னது. பூதலிங்கம் அதையும் கேட்டுக்கொண்டு அடுத்த வண்டிக்கு மைக்கை எடுத்தார். முழங்காலில் பெட்டி இடித்தால் மட்டும் காலை இழுத்துக்கொள்வார்.

ஐப்பசி பிறந்தபோது மிச்சம் இருந்தது ஒரே ஓர் இருமல். சாயங்காலம் வரும், ஒரு பீடி நேரம் இருக்கும், போய்விடும். தண்ணீர் வருகிறது, நாற்றம் இல்லை, பிறகு இது எதற்கு? ஒரு நாள் எழுந்து பின்பக்கம் போனார். முப்பிடாதி அதே வாளியில் உட்கார்ந்திருந்தாள், தலை சீவிப் பூ வைத்திருந்தாள், தரை கழுவி ஈரமாகக் கிடந்தது. அவரைப் பார்த்ததும் பீடியை மறைத்தாள்.

"தண்ணிதான் வருதுல்லா தாயி. பெறகு எதுக்கு இது?"

அவள் புகையை ஊதாமல் வாய்க்குள் வைத்திருந்துவிட்டு, மெல்ல விட்டாள். "அதெல்லாம் நாத்தத்துக்குக் குடிச்சது அண்ணாச்சி. இது எனக்குக் குடிக்கது."

பூதலிங்கம் நின்றார். கோபம் வர வேண்டிய இடம்தான், வந்துகொண்டும் இருந்தது. அவளுக்காகத்தான் கமிட்டியில் சிரிப்பாய்ச் சிரித்தார்கள், அவளுக்காகத்தான் வீட்டில் பிரமநாயகி முகம் கொடுத்துப் பேசுவதில்லை. இவளுக்கு ஒரு பீடி கேட்கிறதா? ஆனால் அவள் முகத்தில் அந்த நேரத்தில் இருந்த அமைதியை அவர் எங்கேயோ பார்த்திருந்தார். கடைசி வண்டி போனபிறகு மைக்கை அணைத்துவிட்டு, எந்த ஊர்ப் பெயரையும் சொல்ல வேண்டாம் என்று கண்ணாடிக்குள் உட்கார்ந்திருக்கும்போது தன் முகம் அதில் தெரியுமே, அந்த முகம்.

"வேண்டாம்னா விட்டுருதேன்" என்றாள். "எம் பேர நீங்க சொல்லல. அதுக்காகவாவது விடணும். ஆனா விட்டா, நாள் முழுக்க ஊருக்குத்தான்னு ஆயிரும், வேற ஒண்ணுமில்ல."

அவர் ஈரத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். களைப்பாக இருந்தது. நெஞ்சு தன்னுடையது, இருமல் அவளுடையது, காற்று யாருடையதும் இல்லை. இதில் நியாயம் பிரித்துக் கொடுக்க எந்தக் கமிட்டியால் முடியும்?

"செங்கோட்ட வண்டி கெளம்பினதுக்கு அப்பறம்" என்றார். "பாபநாசம் வண்டி வாறதுக்கு முந்தி. எடையில மைக்கு சும்மாதான் கெடக்கும். அப்பம் குடிச்சுக்கோ."

"ஒண்ணுதான்" என்றாள் அவள்.

"ஒண்ணுதான்" என்றார் அவர்.

அப்படித்தான் நடந்தது. சாயங்காலம் செங்கோட்டை வண்டி வாசலைத் தாண்டியதும் பூதலிங்கம் மைக்கை அணைப்பார், துண்டை மடித்து வாயருகே வைத்துக்கொள்வார். பின்பக்கம் முப்பிடாதி பற்றவைப்பாள். அவர் இருமுவார். அவள் நிதானமாகக் குடிக்கிறவள், ஒவ்வொரு இழுப்புக்கும் நடுவே இடைவெளி விடுவாள், அந்த இடைவெளியில் அவர் தண்ணீர் குடித்துக்கொள்வார். பாபநாசம் வண்டி வளைவில் திரும்பும்போது முடிந்திருக்கும். செவ்வாய்க்கிழமைகளில் அவர் கண்ணாடி ஓட்டை விளிம்பில் ஒரு காகிதப் பொட்டலத்தில் பனங்கற்கண்டு இருக்கும்.

தீபாவளிக்கு முந்தின நாள் வந்தது. பஸ் ஸ்டாண்டு தலைகீழாகக் கிடந்தது, எங்கே பார்த்தாலும் துணிப்பை, வெடிப் பெட்டி, தொலைந்த பிள்ளைகள். மதுரைக்குச் சிறப்புப் பேருந்து விட்டிருந்தார்கள், அதைக் கொடி காட்டி அனுப்பக் கமிட்டித் தலைவர் செண்பகராமன் வந்து, கண்ணாடி ரூமுக்குள்ளேயே ஒரு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். "இன்னைக்கோட கெடு முடியுதுவே" என்று மேஜைக்குக் கீழே இருந்த பெட்டியைச் செருப்பு நுனியால் தட்டினார். "ஆனா இப்பம் ஒம்ம கொரல் நல்லாத்தான் இருக்கு. இத மெட்ராஸுக்கே திருப்பி அனுப்பிரலாம்னு அதிகாரியகிட்ட சொல்லியிருக்கேன்." பூதலிங்கத்துக்குக் கண் கலங்கியது. இன்றைக்குப் போய்ப் பிரமநாயகியிடம் சொல்ல ஒரு வார்த்தை கிடைத்தது என்று நினைத்தார்.

செங்கோட்டை வண்டி கிளம்பியது. அவர் வழக்கம்போல மைக்கை அணைக்கக் கையை நீட்டினார். "அணைக்காதிரும், மதுர வண்டி வந்துட்டு, சொல்லும்" என்றார் செண்பகராமன். சிறப்பு வண்டி, எந்த நேரக்கணக்கிலும் இல்லாத வண்டி, மாலை போட்டுக்கொண்டு அந்த இடைவெளிக்குள் வந்து நின்றது. பின்பக்கம் இருக்கிறவளுக்கு அது தெரிய வழியில்லை. பூதலிங்கம் ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடலாம் என்று அவசர அவசரமாக எடுத்தார்.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு! கடையநல்லூர், புளியங்குடி, வாசுதேவநல்லூர்..."

அங்கே வந்தது. நாலு மூலையில் இருந்த நாலு ஒலிபெருக்கியிலும் வந்தது, நீளமான, அடிவயிற்றிலிருந்து எடுக்கிற, பீடிக்கே உரிய இருமல். பஸ் ஸ்டாண்டு மொத்தமும் திரும்பிப் பார்த்தது. முறுக்குக்காரன் கூடையை இறக்கி வைத்தான். அடுத்த இழுப்பு வந்தது, அதுவும் நாலு மூலையிலும் கேட்டது. மூன்றாவது வரவில்லை.

"யாரு இருமல்வே இது?" என்றார் செண்பகராமன் எழுந்து. மைக் அவர் குரலையும் ஊருக்குச் சொன்னது. "ஆள் இருக்கா, ஒம்ம சொந்த இருமலா? இப்பமே சொல்லும்."

கண்ணாடிக்கு வெளியே கூட்டத்தை விலக்கிக்கொண்டு முப்பிடாதி வந்துகொண்டிருந்தாள். தன் இருமலை ஒலிபெருக்கியில் கேட்டுவிட்டு வந்திருக்கிறாள், அணைக்க மறந்த பீடி விரலிடுக்கில் புகைந்துகொண்டிருந்தது, யாரும் அவள் கையைப் பார்க்கவில்லை, எப்போதும்போல யாரும் அவளையே பார்க்கவில்லை. கண்ணாடிக்கு முன்னால் வந்து நின்று, செண்பகராமனைப் பார்த்து வாயைத் திறந்தாள்.

பூதலிங்கம் மைக்கை வாயருகே இழுத்தார்.

"என் இருமல்" என்றார். நல்ல குரல், பிசிறில்லாமல் வந்தது. "எந் நெஞ்சு. என் இஷ்டம்."

செண்பகராமன் குனிந்து பெட்டியை மேஜைக்கு அடியிலிருந்து வெளியே இழுக்கிற சத்தம் கேட்டது. முப்பிடாதி திறந்த வாயோடு நின்றாள். பூதலிங்கம் அவளைப் பார்த்து, போய் மிச்சத்தைக் குடி என்பது போலத் தலையை ஆட்டிவிட்டு, துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து எடுத்தார்.

"சிவகிரி, ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாக..."